44 வயதில், முடக்குவாதத்தோடு தாதியர் பயிற்சி: திருகோணமலையில் ஒரு தனியார் நிலையம்

திருகோணமலை நகரில் இயங்கும் ஒரு தனியார் தாதியர் பயிற்சி நிலையத்தின் ஓராண்டுப் பாடநெறியைப் பற்றியது இந்த மதிப்புரை. நிலையத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன, இறுதிச் சான்றிதழோ இன்னும் என் கைக்கு வரவில்லை. பெயர் தெரியாததால் வாசிப்பவருக்குப் பெரிய நட்டமும் இல்லை. அனுராதபுரச் சந்தியிலிருந்து உவர்மலை வரை மதில்களில் ஒட்டப்பட்டிருக்கும் இத்தகைய விளம்பரங்களுள் எதைப் பார்த்துப் போனாலும், நடுத்தர வயதில் நாட்பட்ட நோயொன்றோடு போகிறவர் கேட்டறிய வேண்டியவை ஏறக்குறைய இவையாகவே இருக்கும்.

எனக்கு 44 வயது. முப்பதுகளின் இறுதியில் முடக்குவாதம் தொடங்கியது. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் இந்த நோய், வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானத்திலிருந்து வேறானது. ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. காலையில் எழும்போது விரல்களும் மணிக்கட்டுகளும் நெடுநேரம் விறைத்துக் கிடப்பது அதன் முதன்மையான அடையாளம். வாரத்தில் ஒரு நாள் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேற் குளிசைகள், வேறொரு நாளில் போலிக் அமிலம், தினமும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்று என் மருந்துகள் ஓடுகின்றன. இவற்றோடு கிளினிக்கும், ஈரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்கும் இரத்தப் பரிசோதனையும், ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் உண்டு. நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றாலும் அது போய்விடவில்லை. ஒரு பாடநெறியைப் பற்றிய மதிப்புரையில் இவ்வளவையும் சொல்லக் காரணம், இத்தகைய உடம்போடு வரும் ஒருவரை அந்த நிலையம் எப்படி நடத்துகிறது என்பதே என்னால் நிச்சயமாகச் சொல்லக்கூடியது என்பதுதான். 19 வயதுப் பிள்ளையொருத்தி எழுதினால் அவளுடைய மதிப்புரை வேறாகத்தான் இருக்கும்.

முதலில் சான்றிதழ். விளம்பரத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு பெண்ணின் படமும் 'தாதியர் டிப்ளோமா' என்ற எழுத்தும் பெரிதாக இருக்கின்றன. இலங்கையில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்ற 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தாதியர் பேரவையில் பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவுக்கான வழி அரசின் மூன்றாண்டுப் பயிற்சி, பல்கலைக்கழகத் தாதியியல் பட்டம் போன்ற நீண்ட படிப்புகளுக்கூடாகவே செல்கிறது. அரச பயிற்சிக்கான வயதெல்லை இருபதுகளிலேயே முடிந்துவிடும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களும் வேண்டும். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம் நடத்தும் தாதியியல் பட்டமும் உயர்தரப் பெறுபேற்றை வைத்தே மாணவரைச் சேர்ப்பதால், என் வயதினருக்கு அந்தக் கதவும் திறக்காது. ஆகவே ஓராண்டில் ஒரு தனியார் நிலையம் தரக்கூடியது தாதி உதவியாளருக்கான பயிற்சி மாத்திரமே. அது மதிப்பில்லாத பயிற்சி என்று நான் சொல்லவரவில்லை. தனியார் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் அதற்கு வேலை இருக்கிறது. நான் சேர்ந்ததும் அதற்காகத்தான். ஆனால், என்னோடு சேர்ந்த இளம்பிள்ளைகளுள் சிலர் பாடநெறி பாதி கடந்த பின்னரும் தாங்கள் அரச வைத்தியசாலையில் தாதியராகச் சேரப்போவதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள், அந்த நம்பிக்கையைத் திருத்த நிலையத்தின் அலுவலகத்தில் எவரும் முயலவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் ஒரு நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அந்த நிலையத்தின் குறித்த பாடநெறி தரமறிந்து அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவது பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும், அதற்கும் காலாவதித் திகதி உண்டு. தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. 'இந்தப் பாடநெறியின் முடிவில் எனக்குக் கிடைப்பது எந்த மட்டம், அதற்கான மதிப்பீட்டை யார் செய்வார்கள்?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நான் கேட்டபோது அலுவலகத்தில் ஒரு புன்னகையும் ஒரு கையேடும் கிடைத்தன. விடை, பாடம் நடத்தும் சிஸ்டரிடமிருந்து பிற்பாடு கிடைத்தது. தாயையோ மாமியாரையோ ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் வைத்துப் பராமரித்த பெண்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். தொழிலாகவே பராமரிப்பு வேலை செய்துவருபவர்களுக்கு, வகுப்புக்குப் போகாமல் ஏற்கெனவே உள்ள திறமையை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறையும் இந்நாட்டில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அது தங்களுக்குப் பொருந்துமா என்று விசாரிப்பது அவர்களுக்கு இலாபம்.

அடுத்தது விண்ணப்பப் படிவம். அதன் இரண்டாம் பக்கத்தில் 'நாட்பட்ட நோய் ஏதும் உண்டா?' என்றொரு வினாவும், ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களும் இருக்கின்றன. நோயின் பெயரையோ மருந்தையோ எழுத ஒரு வரி இடங்கூட இல்லை. நான் 'ஆம்' என்ற கட்டத்தில் அடையாளமிட்டபோது மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர், "இல்லை என்று போடுங்க அக்கா, பிறகு வீண் பிரச்சினை" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஓர் ஆளைச் சேர்க்கும் அவசரத்தில் சொன்னார். ஆனால் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவரைத் தொற்றுநோயாளியின் அருகில் அனுப்பக்கூடிய ஒரு பயிற்சியில் இதைவிடப் பிழையான அறிவுரை இருக்க முடியாது. நான் வைத்தியரின் கடிதத்தை இணைத்தே கொடுத்தேன். அந்தக் கடிதத்தில் நோயின் பெயர், மருந்துகள், தவிர்க்க வேண்டியவை, கிளினிக் நாள் ஆகியன இருந்தன. பின்னர் நடந்தவற்றுள் எனக்குச் சாதகமாக நடந்தவை எல்லாம் அந்த ஒற்றைத் தாளை வைத்தே நடந்தன. கடிதத்தின் பிரதியொன்றைக் கையொப்பத்தோடும் திகதியோடும் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ளுமாறு என்னைப் போன்றவர்களிடம் சொல்வேன்.

இனி, இந்த நிலையத்தைப் பற்றி மனநிறைவோடு எழுதக்கூடிய பகுதிக்கு வருகிறேன். கற்பித்தல் நன்றாக இருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக இருக்கிறது. செய்முறை வகுப்பை நடத்துபவர் அரச வைத்தியசாலைகளில் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒருவர். வகுப்பில் எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்றே அழைப்போம். அவர் எல்லோரையும், என்னையுங்கூட, 'பிள்ளை' என்பார். ஆய்வுகூடம் என்று சொல்லப்படும் அறையில் இரண்டு கட்டில்கள், ஓர் ஆளுயரப் பொம்மை, மார்பை அழுத்திப் பழகுவதற்கான அரையுடல் பொம்மை, இரத்த அழுத்தமானிகள், சேலைன் தூண் ஒன்று ஆகியவையே உண்டு. வசதி குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த வசதியை வைத்து ஒவ்வொருவரின் கையையும் தனித்தனியாகப் பார்த்துத் திருத்துகிறார் அவர்.

கண்ணாடி ஊசிமருந்துக் குப்பியைத் திறக்கும் பாடத்தை உதாரணமாகச் சொல்லலாம். கழுத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி நம்மைப் பார்த்தபடி இருக்க, மெல்லிய துணியொன்றைக் கழுத்தில் சுற்றிப் பிடித்து, புள்ளியின் மேல் பெருவிரலை வைத்துப் பின்புறமாக அழுத்தினால் கழுத்து துண்டாகும். சுகதேகிகளுக்கு இது ஒரு நொடி வேலை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கும் அந்தப் பிடிதான் முடக்குவாதக்காரருக்கு ஆகக் கடினமான பிடி. எனக்குக் குப்பி உடையாது, உடைந்தாலும் விளிம்பு நொறுங்கும். சிஸ்டர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விரல் நுனியாலே பிடியாதே பிள்ளை, விரலின் பக்கத்தாலே பிடி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்" என்றார். துணியைத் தடிப்பாக மடிக்கச் சொன்னார். விசை விரல் மூட்டிலிருந்து விலகி முன்கைக்குப் போனது, குப்பி சுத்தமாக உடைந்தது. குப்பி திறப்பதற்கென்றே பிளாஸ்ரிக்கில் சிறிய கருவி ஒன்று விற்கிறது, அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில் வெட்கம் எதுவுமில்லை என்றும் சொன்னார். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணத்தில் ஒரு பகுதியை நான் மனமுவந்து கழித்துவிடுவேன்.

மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியும் அவ்வாறே நடந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்தில், 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்ற கணக்கில் எவருக்கும் விட்டுக்கொடுப்பு இல்லை. நோயாளியின் இதயத்துக்கு என் மணிக்கட்டைப் பற்றி அக்கறை கிடையாது என்பதைச் சிஸ்டர் தெளிவாகவே சொன்னார். எனினும் மணிக்கட்டைப் பின்னால் மடிக்க முடியாதவர்கள், மார்பின் மேல் வைத்த கையின் மணிக்கட்டை மற்றக் கையால் பற்றிக்கொண்டு அழுத்தலாம் என்பதையும், இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது பலவீனருக்குத் தரும் சலுகை அன்று, எல்லோருக்குமான விதியே என்பதையும் அவர் காட்டித்தந்தார். தரையில் முழந்தாளிட முடியாதவர்களுக்காகப் பொம்மை ஒரு தாழ்ந்த வாங்கின் மேல் ஏறியது. படுக்கை விரிப்பின் மூலையை 45 பாகையில் மடித்துச் செருகும்போது உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க வேண்டும், நோயாளியைப் புரட்டும்போது இருவர் சேர்ந்து விரிப்பைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பன போன்றவையும் இப்படித்தான் கற்பிக்கப்பட்டன. இவை நோயுள்ளவருக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட தந்திரங்கள் அல்ல. முதுகையும் கையையும் முப்பது ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருக்க விரும்பும் எந்தத் தாதியும் செய்ய வேண்டியவை. இளையவர்களும் அவற்றையே பழகினார்கள்.

ஓரிடத்தில் மட்டும் நோயும் தொழிலும் நேருக்கு நேர் மோதின. நான் மணிக்கட்டுக்குத் துணிப்பட்டி அணிவேன். கைச் சுத்தமோ முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்கிறது. காப்பு, கடிகாரம், கல் வைத்த மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அற்ககோல் திரவமானால் 20 முதல் 30 விநாடி, சவர்க்காரமும் தண்ணீரும் ஆனால் 40 முதல் 60 விநாடி தேய்க்க வேண்டும். பட்டியோடு நோயாளியைத் தொட முடியாது. விரிவுரையின்போதும் குறிப்பெழுதும்போதும் பட்டியை அணிவது, நோயாளியின் அருகில் போகும்போது கழற்றி ஒரு பையில் இடுவது, அதைத் தினமும் துவைப்பது என்று ஒழுங்கு செய்துகொண்டோம். சிறிய சங்கடந்தான். ஆனால் மணிக்கட்டுப் பட்டியில்லாமல் நாள் முழுதும் வேலை செய்ய முடியாத கட்டத்தில் நோய் இருப்பவர், இந்தத் தொழிலின் கட்டிலோரப் பகுதியைப் பற்றி மறுபடி யோசிக்கத்தான் வேண்டும்.

மருந்தியல் பாடம் தமிழில் விளக்கப்படுகிறது, குறிப்புகள் ஆங்கிலத்தில் நகலெடுத்துத் தரப்படுகின்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார் என்பதை நினைக்கும்போது, ஓராண்டுப் பாடநெறிக்குத் தமிழில் ஒரு கைநூல் தயாரிக்க இவர்களால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. கணக்குகள் எனக்குத் தொல்லை தந்தன. 500 மில்லிலீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில் ஏற வேண்டும், குழாய் மில்லிலீற்றருக்கு 20 துளி விடுவது என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 துளி என்று சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சையை அண்மையில் எழுதிய பிள்ளைகள் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தாளும் பென்சிலும் வேண்டியிருந்தன. அதே பிள்ளைகள், குளிசைகளின் பெயர்களை மனனம் செய்யத் திணறியபோது நான் திணறவில்லை. அவற்றுள் பாதி என் கிளினிக் கொப்பியில் இருந்தவை.

மருந்து வழங்குவதில் நேரும் தவறுகளைப் பற்றிய வகுப்பில், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து தினமும் கொடுக்கப்பட்டால் உயிரே போகலாம் என்பதற்குச் சிஸ்டர் எடுத்த உதாரணம் மெத்தோட்ரெக்சேற். வாய்ப்புண், காய்ச்சல், இரத்த அணுக்கள் சரிதல் என்று அவர் அடையாளங்களை அடுக்கிவிட்டு, வகுப்பில் யாராவது இந்த மருந்தைக் கண்டதுண்டா என்று கேட்டார். நான் என் பைக்குள் இருந்த மருந்துறையை எடுத்துக் கொடுத்தேன். கிழமையின் பெயரை வட்டமிட்டு எழுதியிருந்த அந்த உறை கைமாறி வகுப்பைச் சுற்றி வந்தது. நோயாளியாக இருப்பது இந்தப் படிப்பில் ஒரு குறைபாடு மட்டுமே என்று நினைப்பவர்கள் அந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

தடுப்பூசி விடயத்தில் நிலையம் பாதி வேலையைத்தான் செய்கிறது. ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி தொடக்கத்திலும் ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலுமாக மூன்று தடவை போடப்படுவது. சொந்தச் செலவில் போட்டு, முதலாவது ஊசியின் அட்டையைக் காட்டினாலே செய்முறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தில்லை, ஆனால் பலன் குறையக்கூடும். ஆதலால் மூன்றாவது ஊசிக்கு ஒன்று, இரண்டு மாதங்களின் பின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மில்லிலீற்றருக்கு 10 மில்லி சர்வதேச அலகுகளையாவது எட்டியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். இதை நிலையம் கேட்பதில்லை. என் வைத்தியர் சொல்லித்தான் செய்தேன். கொப்புளிப்பான் தடுப்பூசி போன்று, பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆனவற்றை என்னைப் போன்றவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் போடவே கூடாது. படிவத்தில் 'இல்லை' என்று அடையாளமிட்ட ஒருவருக்கு இதையெல்லாம் யார் நினைவூட்டப் போகிறார்கள்?

வரவு விதிதான் என் பெரிய மனக்குறை. 80 வீத வரவு வேண்டும் என்பது நியாயமே. செய்முறை கற்காத ஒருவரை நோயாளியிடம் அனுப்ப முடியாது. ஆனால் அரச கிளினிக் வார நாளொன்றின் காலையில்தான் நடக்கும், இலக்கம் எடுத்து வைத்தியரைக் கண்டு மருந்தும் வாங்கி வெளியேற மதியமாகிவிடும் என்பதை இந்த நகரில் அறியாதவர் இல்லை. கிளினிக் நாள் வரவின்மையாகவே பதியப்பட்டது. தவறிய செய்முறை மணித்தியாலங்களை வார இறுதித் தொகுதியோடு சேர்ந்து முடிக்க அனுமதித்தார்கள், அதற்கு நன்றி. அதற்கு 'மேலதிக நாட் கட்டணம்' ஒன்றையும் அறவிட்டார்கள், அந்தக் கட்டணம் கையேட்டில் எங்கும் இல்லை. சீருடை, செய்முறைப் பதிவுக் கொப்பி, பரீட்சைக் கட்டணம் ஆகியவையும் விளம்பரத்தில் காட்டிய தொகைக்கு வெளியே நிற்பவை. மொத்தத்தில் கொழும்பில் கேட்டுப்பார்த்த நிலையங்களைவிட இங்கே மலிவு, தவணையாகவும் கட்டலாம். ஆனால் முதல் நாளிலேயே முழுத் தொகையையும் சொல்லிவிடுவதால் இவர்கள் எதை இழந்துவிடப் போகிறார்கள் என்று விளங்கவில்லை.

களப்பயிற்சி ஒரு முதியோர் இல்லத்திலும் ஒரு தனியார் வைத்தியசாலையிலும் நடந்தது. காலை 7 மணி முறை என்றால் நான் விடியுமுன்பே எழுந்து, சுடுதண்ணீரில் கையை வைத்து, விறைப்பு விட்ட பின்னரே புறப்பட வேண்டும். மார்கழி மழைக் காலத்தில் அது இன்னும் நீளும். பிற்பகல் முறையைக் கேட்டபோது ஒழுங்கமைப்பாளர் முதலில் மறுத்தார். வைத்தியரின் கடிதத்தோடு சிஸ்டர் போய்ப் பேசிய பின்னர், வாரத்தில் சில நாட்களுக்குப் பிற்பகல் கிடைத்தது. நோயாளி ஒருவர் காய்ச்சலோடும் இருமலோடும் காசநோய்ச் சந்தேகத்தில் இருந்தபோது அந்தக் கட்டிலிலிருந்து என்னை மாற்றியதும் அதே கடிதந்தான். முதியோர் இல்லத்தின் நாட்கள் மிகப் பயனுள்ளவை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவது, தோலைப் பார்ப்பது, வாய் துடைப்பது, உணவூட்டுவது என்று அங்கே அவசரமில்லாத, ஆனால் விடாது செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. தமிழும் சிங்களமும் கலந்த அந்த இல்லத்தில், கொஞ்சம் சிங்களம் பேசத் தெரிந்த என்னை முதியவர்கள் தேடி அழைத்தார்கள். வயது அங்கே எனக்கு உதவியது. குளிக்க மறுக்கும் ஓர் ஐயாவைச் சம்மதிக்கவைக்க இருபது வயதுப் பிள்ளையால் முடியாதபோது, பிள்ளைகளைக் குளிக்க வைத்துப் பழகிய என்னால் முடிந்தது.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பறை மேல்மாடியில், படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கத்தில் மட்டும். கணுக்கால் வீங்கிய நாளில் அது பெரும்பாடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் வெக்கை. வாசலில் நகரத்து மான்கள் வந்து படுத்துக்கொள்ளும். கையில் நகலெடுத்த தாளோடு நின்றால் முகர்ந்து பார்க்க வந்துவிடும். கீழ்மாடியில் ஒரு வகுப்பறை வெறுமையாகவே கிடந்தது, கேட்டும் மாற்றித் தரவில்லை.

ஐந்தில் புள்ளி போடச் சொன்னால் கற்பித்தலுக்கு நாலரையும் அலுவலகத்துக்கு இரண்டும் போடுவேன். நோய் கட்டுப்பாட்டில் இருந்து, வைத்தியரின் சம்மதமும் வீட்டாரின் ஒத்தாசையும் கிடைத்து, பதிவுபெற்ற தாதியாக ஆகப்போவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே வருகிற நடுத்தர வயதினருக்கு இந்தப் பாடநெறியைத் தயங்காமல் சொல்வேன். இஸ்ரேல், ஜப்பான் என்று வெளிநாட்டுப் பராமரிப்பு வேலையை எண்ணி வருபவர்களுக்குச் சொல்லமாட்டேன். அந்த வேலைகளுக்கு மொழியும் வயதும் மருத்துவப் பரிசோதனையும் தனித்தனித் தடைகள், நாட்பட்ட நோயுள்ளவர் அவற்றைப் பணம் கட்டுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். நோய் புதிதாகப் பிடித்து மருந்தின் அளவு இன்னும் நிலைப்படாமல் இருப்பவர்கள் ஓராண்டு பொறுத்து அடுத்த தொகுதியில் சேரலாம். நிலையம் ஆண்டுதோறும் புதிய தொகுதி எடுக்கிறது.

வார நாள் தொகுதி, வார இறுதித் தொகுதி என்று இரண்டு உண்டு. மெத்தோட்ரெக்சேற் எடுத்த மறுநாள் பலருக்கு உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். வார இறுதித் தொகுதியில் சேர்பவர்கள் தங்கள் குளிசை நாளை வாரத்தின் நடுவுக்கு மாற்ற முடியுமா என்று முதலிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தாங்களாக மாற்ற வேண்டாம். அலுவலகம் மாலை ஐந்து மணிவரை திறந்திருக்கும், மதிய வேளையில் பூட்டிவிடுவார்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை.